கணவாய்க்கு இப்பால்

தில்லியில் குடியேறிய நம்மவர்க்கு விடுமுறை என்றால் ஒரே திசைதான் தெரியும்; அது தெற்கு. மே மாதத்தில் பள்ளிக்கூடம் மூடியவுடன், பல வாரங்களுக்கு முன்பே பதிவு செய்து வைத்த ரயிலில் ஏறுகிறோம். புளியோதரையும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு இரண்டு இரவுகளை வண்டியிலேயே கழிக்கிறோம். ஊரில் ஒரு திருமணம், ஒரு காதணி விழா, குலதெய்வத்துக்குப் பொங்கல், முதியோரிடம் நலம் விசாரிப்பு. இவ்வளவும் முடிவதற்குள் விடுமுறையும் முடிந்துவிடுகிறது. இதில் குறை கூற ஒன்றுமில்லை. வேர் இருக்கும் இடத்துக்கு நீர் வார்க்க வேண்டியது கடமை.

ஆயினும் நம் வீட்டு மாடியிலிருந்து வடக்கே ஒரு பகல் மோட்டார்ப் பிரயாணத் தொலைவில் இமயம் நிற்கிறது. 'இமயவரம்பன்' என்று ஒரு சேர மன்னனுக்குப் பெயர் சூட்டிய மொழி நம்முடையது. அந்த இமயத்துக்கு இவ்வளவு அருகில் 31 ஆண்டுகள் வாழ்ந்த நாங்கள், சிம்லாவுக்கு அப்பால் சென்றதில்லை. எங்களில் ஒருவர் சென்ற ஆண்டு பணி ஓய்வு பெற்றார். மற்றவர் அதற்கு முன்பே ஓய்வு பெற்றுவிட்டார். வரும் சித்திரையில் நெல்லைக்கே திரும்பிக் குடியேறுவது என்று தீர்மானமாயிற்று. எனவே, சென்ற செப்டம்பரில், மூட்டை கட்டும் வேலையைத் தொடங்குமுன், எங்கள் சிறிய மோட்டார் வண்டியில் கூடாரம் ஒன்றை ஏற்றிக்கொண்டு மலைநாட்டுக்குப் புறப்பட்டோம். சட்லெஜ் நதியோரமாகக் கின்னௌர் வழியே ஸ்பிதிப் பள்ளத்தாக்கை அடைந்து, குன்ஸம் கணவாயைக் கடந்து, சந்திரதால் என்னும் ஏரியைக் கண்டு, மணாலி வழியாகத் திரும்புவது எங்கள் திட்டம். அத்திட்டத்தில் எவ்வளவு நிறைவேறிற்று என்பதையும், இவ்வழியில் செல்ல விரும்பும் அன்பர்களுக்குப் பயன்படக்கூடியவற்றையும் இங்கே எழுதுகிறோம்.

எந்தப் பக்கமிருந்து ஏறுவது?

ஸ்பிதிக்கு இரண்டு வாயில்கள் உண்டு. ஒன்று மணாலி வாயில். ரோதாங் மலையைக் குடைந்து அமைத்த 9 கிலோமீட்டர் நீளமுள்ள அடல் சுரங்கப் பாதை 2020 அக்டோபர் 3 அன்று திறக்கப்பட்ட பிறகு, அவ்வழி மிகவும் சுருங்கிவிட்டது. மணாலியில் காலைச் சிற்றுண்டி உண்டவர் மாலையில் சந்திரதாலருகே தேநீர் அருந்தலாம். ஆனால் மணாலியின் உயரம் ஏறத்தாழ 6,700 அடி; சந்திரதாலின் உயரம் ஏறத்தாழ 14,000 அடி. ஒரே பகலில் 7,000 அடிக்கு மேல் ஏறிவிட்டு, அன்றிரவே அங்கே உறங்குவதை உடல் எளிதில் பொறுத்துக்கொள்வதில்லை.

மற்றொன்று கின்னௌர் வாயில். இது நீண்ட வழி. ஆனால் படிக்கட்டுப் போன்ற வழி. சராஹனில் 7,000 அடி, கல்பாவில் 9,700 அடி, தாபோவில் 10,700 அடி, காஜாவில் 12,000 அடி என்று ஒவ்வோர் இரவும் சிறிது சிறிதாக உயரலாம். 10,000 அடிக்கு மேல் சென்றபின், உறங்கும் இடத்தை ஓர் இரவுக்கு 1,500 அடிக்கு மேல் உயர்த்தலாகாது என்பது மலை மருத்துவர் கூறும் விதி. 12,000 அடி உயரத்தில் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் குறைவு. அதற்கேற்ப மூச்சும் குருதியும் தம்மை மாற்றிக்கொள்ளச் சில நாட்கள் வேண்டும். பகலில் எவ்வளவு உயரம் சென்றாலும், இரவில் இறங்கி வந்து படுப்பது நலம். இவற்றை மனத்திற்கொண்டே இரண்டாவது வாயிலைத் தேர்ந்தோம்.

பருவத்தைப் பற்றியும் ஒரு சொல். ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் கின்னௌர்ச் சாலையில் மலைச்சரிவு மிகுதி. 2021 ஆகஸ்டு 11 அன்று நிகுல்சாரி என்னுமிடத்தில் மலை சரிந்து, பேருந்து ஒன்றும் வேறு வண்டிகளும் புதையுண்டு பலர் மாண்டனர். அக்டோபர் பிற்பகுதியில் குன்ஸம் பனியால் மூடத் தொடங்கும். ஆகவே ஜூன் மாதமும் செப்டம்பர் மாதமுமே தக்கவை.

சட்லெஜ் வழி

முதல் இரவைச் சிம்லாவில் ஒரு விடுதியில் கழித்தோம். மறுநாள் நார்கண்டாவின் தேவதாரு வனங்களைக் கடந்து, ராம்பூர் வழியே சென்று, சராஹனில் முதன்முறையாகக் கூடாரம் அடித்தோம். பீமாகாளி கோயிலின் உயர்ந்த கோபுரங்களில் மரமும் கல்லும் மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. நிலநடுக்கம் மிகுந்த நாட்டில் சுவர் முறியாமல் அசைந்து கொடுப்பதற்காக முன்னோர் கண்ட முறை அது.

சிம்லாவிலிருந்து வடகிழக்கே செல்லும் இச்சாலைக்கு இந்துஸ்தான்–திபெத்துச் சாலை என்பது பழம்பெயர். டல்ஹௌசிப் பிரபு தலைமை ஆளுநராக இருந்த காலத்தில், 1850-இல், இதன் வேலை தொடங்கியது. இன்றைய நெடுஞ்சாலை பழைய தடத்தினின்றும் பெரும்பாலும் விலகி ஆற்றோரமாகச் செல்கிறது. தரண்டா அருகே செங்குத்தான பாறையை அரைவட்டமாகக் குடைந்து சாலையை உள்ளே செருகியிருக்கிறார்கள். தலைக்கு மேலும் பாறை, ஒருபுறமும் பாறை, மறுபுறம் பாதாளம். அங்குள்ள தேவி கோயிலில் லாரி ஓட்டுநர் ஒருவரும் நில்லாமல் போவதில்லை. நாங்களும் நின்றோம்.

இவ்விடத்தில் சட்லெஜ் நதியையே பல கிலோமீட்டருக்குக் காணோம் என்று சொல்லத் தோன்றும். நாத்பாவில் அணையிட்டுத் தடுத்த நீரை, மலைக்குள்ளே 27 கிலோமீட்டர் நீளமுள்ள சுரங்கத்தில் செலுத்தி, ஜாக்ரியில் 1,500 மெகாவாட் மின்சாரம் எடுக்கிறார்கள். அம்மின்சாரத்தில் ஒரு பங்கு தில்லிக்கும் வருகிறது. நம் வீட்டுச் சுவரில் உள்ள பொத்தானை அழுத்தும்போது எரிவது எவ்வளவு தொலைவிலிருந்து வந்த ஆறு என்பதை அங்கே உணர்ந்தோம்.

கல்பாவில் இரண்டு இரவுகள் தங்கினோம். ஓர் ஆப்பிள் தோட்டக்காரர் தம் களத்துமேட்டில் கூடாரம் அடிக்க இடம் கொடுத்தார். எதிரே கின்னர் கைலாசம். விடியற்காலையில் மலையுச்சி முதலில் சிவந்து, பின் பொன்னாகி, பின் வெண்மையாவதை, போர்வையை விட்டு எழாமலே கண்டோம். அறுவடைக் காலமாகையால் தோட்டமெங்கும் பெட்டிகள். அப்பெட்டிகள் தில்லி ஆஜாத்பூர் மண்டிக்குப் போகின்றன என்று தோட்டக்காரர் கூறியபோது, எங்கள் தெருக் கோடிப் பழக்கடை நினைவுக்கு வந்தது. பச்சை மகமல் பட்டை வைத்த கின்னௌர்த் தொப்பியை அங்கே ஆண், பெண் இருபாலரும் அணிகின்றனர்.

கல்பாவின் பழம்பெயர் சினி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தலில் முதலில் வாக்களித்தவர் என்று புகழ்பெற்ற சியாம் சரண் நேகி இவ்வூர்ப் பள்ளி ஆசிரியர். நாட்டின் பிற பகுதிகளில் 1952-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாக்குப் பதிவு நடந்தபோதிலும், பனி விழுமுன் முடிக்க வேண்டும் என்பதற்காக இங்கே 1951 அக்டோபர் 25 அன்றே நடந்தது. அன்றுமுதல் 2022 நவம்பரில் மறையும்வரை அவர் வாக்களிக்கத் தவறியதில்லை. பணி நிமித்தம் ஊர் விட்டு ஊர் சென்று, வாக்காளர் பட்டியலில் பெயரைத் தேடி அலையும் நம்போன்றோர் அவரைச் சற்று நாணத்துடனேயே நினைக்க வேண்டும்.

சாலை போடுகிறவர்கள்

கல்பாவை விட்டபின் பசுமை குறைந்துகொண்டே வருகிறது. பருவமழை மேகங்கள் முன்மலைகளிலேயே தம் நீரைக் கொட்டிவிடுவதால், அப்பால் உள்ள நாட்டுக்கு மழை மறைவு. காப் என்னுமிடத்தில், திபெத்திலிருந்து வரும் சட்லெஜுடன் ஸ்பிதி ஆறு கலக்கிறது. அதன்பின் சாலை வளைந்து வளைந்து நாகோவை நோக்கி ஏறுகிறது. மரம் இல்லை, புல் இல்லை; மலைகள் தோல் உரித்தாற்போல் மஞ்சளும் ஊதாவும் சாம்பலுமாக நிற்கின்றன.

நாகோவை அடுத்த மலிங் சரிவில் மண் விழுந்து வழி அடைபட்டிருந்தது. இயந்திரம் மண்ணைத் தள்ளும்வரை ஒரு மணி நேரம் காத்திருந்தோம். வேலையாட்களில் பலர் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் ஓர் இளைஞர், "சாகேப், எந்த ஊர்?" என்று கேட்டார். தமிழ்நாடு என்றோம். "மிகத் தொலைவிலிருந்து வந்திருக்கிறீர்கள்" என்றார். "நீங்களும் அப்படித்தானே?" என்றோம். சிரித்தார். மே மாதம் வந்தாராம். பனி விழத் தொடங்கும் அக்டோபரில் ஊருக்குத் திரும்புவாராம். ஊரில் நெல் அறுவடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டால் போதும் என்றார்.

சாலையோரம் தார்ப்பாய் போர்த்திய அவர்களுடைய கூடாரங்கள் வரிசையாக இருந்தன. நாங்கள் இரண்டு வாரம் கூடாரத்தில் வாழ்வதை உறவினரிடமெல்லாம் ஒரு சாகசமாகக் கூறிவிட்டு வந்திருந்தோம். அவர்கள் ஆறு மாதம் வாழ்கிறார்கள், யாரிடமும் கூறுவதில்லை. எங்களிடம் இருந்த முறுக்குப் பொட்டலத்தை அவர்களிடம் கொடுத்தோம். அவர்கள் எங்களுக்குச் சர்க்கரை மிகுந்த கறுப்புத் தேநீர் கொடுத்தார்கள். வழி திறந்தது.

மண்ணால் எழுந்த கோயில்

அன்று மாலை தாபோவை அடைந்தோம். இங்குள்ள பௌத்த மடம் கி.பி. 996-இல் நிறுவப்பட்டது. குகே நாட்டு அரசர் யேஷே ஓ என்பவரின் ஆதரவில், ரின்சென் சாங்போ என்ற பெரும் அறிஞர் காலத்தில் எழுந்த மடங்களுள் ஒன்று. தஞ்சைப் பெரிய கோயில் நிறைவெய்தியது 1010-இல். அங்கே முதலாம் இராசராசன் ஆண்டுகொண்டிருந்த நாட்களிலேயே இங்கே இந்த மடத்தைக் கட்டியிருக்கிறார்கள். அங்கே கருங்கல், இங்கே வெறும் மண். மழை பெய்யாத நாடாகையால், மண் சுவர்கள் ஆயிரம் ஆண்டு கடந்தும் நிற்கின்றன. 1975-ஆம் ஆண்டு ஜனவரியில் கின்னௌரை உலுக்கிய நிலநடுக்கத்தில் சேதமுற்றபோதிலும், பழைய மண்டபங்கள் தப்பின.

புறத்தே பார்த்தால், பெரிய மண் வீடுகள் போன்றே தோன்றும். உள்ளே விளக்கு இல்லை. கூரையிலுள்ள சிறு திறப்பின் வழியே விழும் ஒளியில் கண் பழகியபின், சுவரைச் சுற்றிலும் ஆளுயரச் சுதை உருவங்கள் ஒவ்வொன்றாகத் தெரியத் தொடங்குகின்றன. அவற்றுக்குக் கீழும் மேலும் வண்ண ஓவியங்கள். புகைப்படம் எடுக்க அனுமதியில்லை. அதனால் கண்ணால் மட்டுமே பார்த்தோம். அன்று அரை மணி நேரம்தான் பார்த்தோம். அடுத்த நாள் காஜா செல்ல வேண்டியிருந்தது.

காஜாவில் மூன்று நாட்கள்

காஜா ஸ்பிதியின் தலைமையிடம். கடைத்தெரு, அரசு மருத்துவமனை, பெட்ரோல் நிலையம் எல்லாம் உண்டு. ரெக்கோங் பியோவிலிருந்து இங்கு ஏறத்தாழ 200 கிலோமீட்டர். இங்கிருந்து மணாலிக்கும் ஏறக்குறைய அவ்வளவே. எனவே, வண்டியின் கொள்கலத்தை நிரப்பாமல் எவரும் காஜாவை விட்டுக் கிளம்பலாகாது.

ஆற்றங்கரை வயலோரம், உரியவரின் அனுமதியுடன், கூடாரம் அடித்தோம். நிலம் முழுவதும் கல்லாகையால் முளை இறங்கவில்லை. கயிறுகளைப் பெரிய கற்களில் கட்டினோம். பிற்பகலில் பள்ளத்தாக்கில் கடுங்காற்று எழுந்து மாலையில் அடங்கும். ஆகவே, கூடாரம் அடிப்பதாயின் நண்பகலுக்கு முன் அடிக்க வேண்டும்.

இல்லத்தரசியர் அறிய வேண்டிய செய்தி ஒன்று: 12,000 அடியில் தண்ணீர் ஏறத்தாழ 88 டிகிரி வெப்பத்திலேயே கொதித்துவிடும். பார்வைக்குத் தளதளவென்று கொதிக்கும். ஆனால் அதிலே அரிசி நடுவில் வேகாது, பருப்பு கரையவே கரையாது. குக்கர் இல்லாமல் இம்மலைநாட்டில் சாதம் வடிக்க எண்ணுவது வீண். மூன்று லிட்டர்க் குக்கர் ஒன்றும் சிறு எரிவாயு அடுப்பும் எங்களைக் காப்பாற்றின. பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவை எவ்வுயரத்திலும் மாறாத சுவையுடையவை என்பதைச் சோதித்து அறிந்தோம். காப்பி இறக்கும் பில்டரும் உடன் வந்தது. பக்கத்து வீட்டுச் சிறுமி அதை ஏதோ மந்திரச் சக்கரம் என்று எண்ணி, ஒவ்வொரு சொட்டையும் எண்ணிக்கொண்டிருந்தாள்.

பகல்களில் கீ மடத்தையும், அதற்கு மேலே ஏறத்தாழ 14,000 அடியில் உள்ள கிப்பர் கிராமத்தையும் கண்டு, இரவில் காஜாவுக்கு இறங்கி வந்து உறங்கினோம். மலையுச்சியின் உருகுபனியைச் சிறு வாய்க்கால்களில் இறக்கிப் பட்டாணியும் பார்லியும் விளைவிக்கிறார்கள். வாய்க்கால் எட்டும் வரை பச்சை; எட்டாத இடத்திலிருந்து பாலை. தட்டையான கூரைகளின்மேல் குளிர்காலத்துக்கான விறகும் வைக்கோலும் அழகாக அடுக்கப்பட்டிருந்தன. ஹிக்கிம் என்னும் சிற்றூரில், 14,000 அடிக்கு மேல், 1983 முதல் ஒரு தபால் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து உறவினர்க்கெல்லாம் அஞ்சலட்டை எழுதினோம். "நாளை மறுநாள் சந்திரதால் ஏரிக்கரையில் நிற்போம்" என்று எல்லா அட்டைகளிலும் ஒரே வாக்கியம். அவை நெல்லையை அடைய மூன்று வாரம் ஆயிற்று.

லோஸரில் ஓர் இரவு

பத்தாம் நாள் காஜாவிலிருந்து லோஸருக்குச் சென்றோம். இது கணவாய்க்கு இப்பால் உள்ள கடைசிக் கிராமம். உயரம் ஏறத்தாழ 13,400 அடி. இங்கிருந்து குன்ஸம் கணவாய் 20 கிலோமீட்டருக்குள்தான். கணவாயின் உயரம் ஏறத்தாழ 15,000 அடி. அதற்கு அப்பால் சிறிது தூரத்தில் சந்திரதால். பிறைச் சந்திரன் போன்ற வடிவுடைய அந்த ஏரி, 2005 நவம்பர் முதல் ராம்சர் உடன்படிக்கையின்கீழ்ப் பாதுகாக்கப்படும் நீர்நிலை. ஏரிக்கரையில் கூடாரம் அடிக்க இப்போது தடை இருக்கிறது. சற்றுத் தள்ளியே தங்க வேண்டும். நடந்து சென்று, மாலை ஒளியில் அதைப் பார்ப்பதற்கே எங்கள் திட்டம் முழுவதும் வகுக்கப்பட்டிருந்தது.

ஒரு வயலோரம் கூடாரம் அடித்து, ரசம் சாதம் உண்டு, எட்டு மணிக்கே படுத்தோம். இரவு பதினொரு மணிக்கு எங்களில் ஒருவருக்குத் தலைவலி எழுந்தது. பன்னிரண்டு மணிக்கு வாந்தி. ஒரு மணிக்கு மீண்டும் வாந்தி. யாருக்கு என்று வினவும் அன்பர்களுக்கு நாங்கள் விடை கூறப்போவதில்லை. தலை ஒருவருடையது, அந்த இரவு இருவருடையது.

படிப்படியாக ஏறியவர்க்கும் மலைநோய் வரக்கூடும். முறையாக ஏறுவதால் வாய்ப்புக் குறையுமே அன்றி, முற்றும் நீங்குவதில்லை. தலைவலி, குமட்டல், பசியின்மை, உறக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றுடன் மேலும் ஏறலாகாது. நடை தள்ளாடினாலோ, அசையாமல் இருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சுக் குழறினாலோ, ஒரு நிமிடமும் தாழ்த்தாமல் அந்த இருளிலேயே இறங்க வேண்டும். இதைப் புறப்படுமுன் ஒரு காகிதத்தில் எழுதி, வண்டியில் ஒட்டி வைத்திருந்தோம்.

ஆகவே, கைவிளக்கை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். வரப்பின்மேல், குதிகாலும் விரலும் தொட்டுத் தொட்டு, நேர்கோட்டில் பத்து அடி நடந்து பார்க்க வேண்டும். ஒருவர் நடந்தார், ஒருவர் விளக்கைப் பிடித்தார். முப்பத்தைந்து ஆண்டு இல்லறத்தில் ஒருவர் நடையை மற்றவர் இவ்வளவு கவனமாகப் பார்த்ததில்லை. நடை நேராக இருந்தது. பேச்சும் தெளிவாக இருந்தது. இருளில் அந்தச் சாலையில் ஓட்டுவதும் அபாயமே. எனவே, சாமான்களையெல்லாம் வண்டியில் ஏற்றி, கூடாரத்தை மட்டும் விட்டு வைத்து, ஒரு மணிக்கு ஒரு முறை நடை பார்த்துக்கொண்டு விடியலுக்குக் காத்திருப்பது என்று முடிவு செய்தோம். நடை ஒரு முறை பிசகினாலும் அப்போதே கிளம்புவது. வெளியே நட்சத்திரங்கள் அவ்வளவு நெருக்கமாக இருந்ததை, அந்த நடைகளுக்கு இடையேதான் கண்டோம்.

விடிந்தது. தலைவலி குறையவில்லை. இப்போது ஒரு கேள்வி எழுந்தது. கணவாய் 20 கிலோமீட்டர். அதைக் கடந்துவிட்டால் அப்பாலும் இறக்கம்தானே? மணாலியை அடைந்துவிட்டால் 6,700 அடிதானே? எங்களில் நோயுற்றவரே இதை வற்புறுத்தினார். "இவ்வளவு தூரம் வந்தாயிற்று. சித்திரைக்குப் பிறகு நெல்லையிலிருந்து யார் வரப்போகிறார்கள்?" என்ற கேள்விக்கு விடை எளிதன்று. மீண்டும் வரப்போவதில்லை என்பதே உண்மையான விடை.

ஆனால் அப்பால் இறங்குவதற்கு முன் 1,600 அடி ஏற வேண்டும். கணவாய்க்கு அப்புறம் உள்ள சாலை மிகவும் கரடுமுரடானது. ஓடைகள் சாலையின் மேலேயே பாய்கின்றன. வழியில் வண்டி நின்றுவிட்டால், உதவி வரும்வரை அந்த உயரத்திலேயே கிடக்க வேண்டும். இப்பாலோ, இரண்டு மணி நேரத்தில் காஜா, அங்கே மருத்துவமனை. வயலுக்குரிய அம்மாள் சூடான பார்லிக் கஞ்சியுடன் வந்தார். நாங்கள் கேட்காமலே முகத்தைப் பார்த்துவிட்டு, ஆறு ஓடும் திசையைக் கையால் காட்டினார். ஆறு கிழக்கே, காஜாவை நோக்கி ஓடிக்கொண்டிருந்தது. வண்டியைத் திருப்பினோம்.

மீண்டும் தாபோ

காஜா மருத்துவமனையில் இளம் மருத்துவர் ஒருவர் விரலில் கருவியை மாட்டிப் பார்த்தார். எங்களில் ஒருவருக்கு 88, மற்றவருக்கு 76. சிறிது நேரம் பிராணவாயு கொடுத்தார், மாத்திரை கொடுத்தார். "இன்றிரவு இன்னும் தாழ்ந்த இடத்தில் உறங்குங்கள், கணவாயை மறந்துவிடுங்கள்" என்று கூறினார். அன்று மாலையே தாபோவுக்கு இறங்கினோம். அன்றிரவு நோயுற்றவர் ஒன்பது மணி நேரம் உறங்கினார். நோயுறாதவர் பத்து மணி நேரம் உறங்கினார்.

தாபோவில் இரண்டு நாட்கள், திட்டத்தில் இல்லாத நாட்கள். செல்ல வேண்டிய இடம் எதுவும் இல்லாமையால், மடத்துக்கே மும்முறை சென்றோம். முதல் முறை அரை மணியில் பார்த்தவை வேறு. இப்போது கண்டவை வேறு. சுதை உருவங்கள் ஒவ்வொன்றின் கைகளும் வெவ்வேறு நிலையில் இருப்பதையும், ஓவியத்தில் சாதாரண மக்கள் வரிசையாக அமர்ந்திருப்பதையும் கண்டோம். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இதைத் தீட்டியவர்களும் தொலைவிலிருந்து வந்தவர்களே. காசுமீரத்துக் கலைஞரின் கைவண்ணம் இதிலே தெரிகிறது என்று கலை அறிஞர் கூறுகின்றனர். பிழைப்புக்காக மலை கடந்து வந்து, அயலாருடைய கோயிலில், அயலாருடைய தெய்வங்களுக்கு உயிர் கொடுத்துவிட்டுச் சென்ற அந்தப் பெயரற்றவர்களைப் பற்றி, அந்த இருட்டில் அமர்ந்து வெகுநேரம் நினைத்தோம். தில்லியில் 31 ஆண்டுகள் வேலை செய்து, பெயர் எங்கும் பொறிக்கப்படாமல் ஊருக்குத் திரும்பும் எங்களுக்கு அது ஆறுதலாக இருந்தது.

பின்னர், வந்த வழியே கல்பா, சிம்லா என்று இறங்கி, பதினைந்தாம் நாள் தில்லி வந்து சேர்ந்தோம். மலிங் சரிவில் வழி திறந்திருந்தது. அந்த இளைஞரைத் தேடினோம். அவருடைய குழு வேறு வளைவுக்குச் சென்றுவிட்டிருந்தது.

செல்வோர்க்குச் சில சொற்கள்

சந்திரதாலைப் பற்றி எழுத எங்களிடம் ஒன்றுமில்லை. நாங்கள் அதைக் காணவில்லை. அது குறையா என்று கேட்டால், குறைதான். அதை மறைக்க விரும்பவில்லை. ஆயினும், இருவர் சேர்ந்து செல்லும் மலைப் பிரயாணத்துக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு என்பதை அந்த வரப்பின்மேல் கற்றோம். இருவரில் எவருடைய உடல் மெலிவோ, அவருடைய வேகமே பிரயாணத்தின் வேகம். அவர் நிற்குமிடமே எல்லை. இதைப் புறப்படுமுன்பே இருவரும் பேசி ஒப்புக்கொள்ள வேண்டும். 13,000 அடியில், நள்ளிரவில், வலியோடு பேச முற்பட்டால் தன்மானம் குறுக்கே வரும்.

செல்ல எண்ணும் குடும்பத்தார் கின்னௌர்ப் பக்கமிருந்தே ஏறுக. நாட்களை எண்ணும்போது இரண்டு நாட்களை எதற்கும் ஒதுக்காமல் விடுக. இதய நோய், மூச்சு நோய் உள்ளவர்கள் முன்னதாக மருத்துவரைக் கலந்துகொள்க. கம்பளியும் குக்கரும் மறவற்க. கிராமத்தில் அனுமதி கேட்டே கூடாரம் அடிக்க. குப்பையை வண்டியிலேயே திரும்பக் கொண்டுவருக. அந்தப் பாலையில் ஒரு காகிதம்கூட எளிதில் மக்குவதில்லை.

நாங்கள் சித்திரையில் தெற்கே போகிறோம். கூடாரமும், சிறு எரிவாயு அடுப்பும், மூன்று லிட்டர்க் குக்கரும் நெல்லையில் எங்களுக்கு வேண்டியிரா. இவ்வாண்டு விடுமுறையில் ஒரு வாரத்தையேனும் வடக்குக்கு ஒதுக்கத் துணியும் சங்கத்து அன்பர்கள் எவராயினும், நாங்கள் மூட்டை கட்டுமுன் வந்து அவற்றைப் பெற்றுக்கொள்ளலாம். வண்டியில் ஒட்டியிருந்த அந்தக் காகிதத்தையும் சேர்த்தே தருவோம்.